இந்த வாரச் செய்தி

புளியமரத்துப்பாளையம் பள்ளியில், நான்காம் வகுப்பில்,
கரும்பலகையின் வலது ஓரத்து இரண்டடி
என்னுடையதல்ல.
கோடு போட்டுப் பிரித்துக்கொண்டுவிட்டார்கள்.
திங்கள் காலை ஊரே வந்து அதில் உட்காரும்:

*கவின்சரண் வீட்டு மாடு ஈன்றது. காளைக்கன்று.
அப்பாவுக்கு வறுத்தம்.
புதன்கிழமை கரண்ட் இல்லை. தறி ஓடவில்லை.
அதனால் ஊரில் பேசுவது கேட்டது.
பிஜய் அப்பா ஒடிசா போனார். திரும்புவது தெரியவில்லை.*

பிழை திருத்துவேன், செய்தியைத் தொடமாட்டேன்.
அந்த வல்லின ‘று’வை மட்டும் விட்டுவைத்தேன்.
மாட்டுக்காரர் மனசு
கொஞ்சம் வறுபட்டுத்தான் இருந்தது.

தை கழிந்து ஒரு செவ்வாய்க்கிழமை
பனியன் கம்பெனி சார் வந்தார்.
முப்பத்தொரு பிள்ளைகள், முப்பத்தொரு பை.
கொடுத்து, திரும்ப வாங்கி, மறுபடி கொடுத்து
மூன்றாம் தடவைதான்
போட்டோவில் சிரிப்பு சரியாக விழுந்ததாம்.
நல்ல பைதான். ஜிப் இன்னும் ஓடுகிறது.

அடுத்த திங்கள் பலகையில் செய்தி இல்லை.
கேள்வி இருந்தது:
*சார் நமக்குப் பை கொடுத்தார்.
அவருக்கு என்ன இல்லை?*

கணக்குப் பாடம் அன்று நடக்கவில்லை.

“அவருக்கென்னங் டீச்சர், காரே ரண்டு நிக்குது.”
“இல்லீங், நாலு டம்ளர் தண்ணி குடிச்சாருங்.
காலைல சாப்பிடலையாட்ட இருக்குது.”
“போன் அடிச்சுட்டே இருந்துச்சுங். உக்காரவே இல்லீங்.”
ரிதனிகாவின் அம்மா அங்கேதான் செக்கிங் செக்‌ஷன்.
அவள் கடைசியில் சொன்னாள்:
“ஆர்டர் வரலைன்னா அவுருந் தூங்கமாட்டாராமுங்.”

வகுப்புக்கு ஒரு நிதி உண்டு, பால்பவுடர் டப்பாவில்.
பூவரசி ஐந்து ரூபாய் போட்டுவிட்டு
மூன்று ரூபாய் மீதி எடுத்துப்போகிற டப்பா.
மில் வேன் அடித்த நாய்க்குக் கட்டுத்துணி,
சத்துணவு ஆயாவுக்கு ஒரு ஜோடி செருப்பு
(இடது கால் கொஞ்சம் பெரிசு,
கடைக்காரர் மாற்றித் தரவில்லை)
என்று போய்க்கொண்டிருந்த நிதி
அந்த மாதம் ஒரு தபால் உறைக்குப் போனது.

*அன்புள்ள சார்,
அடுத்த தடவை ஒன்றும் கொண்டுவர வேண்டாம்.
போட்டோ அண்ணனும் வேண்டாம்.
வெள்ளிக்கிழமை வாருங்கள், உருளைக்கிழங்கு உண்டு.
வரிசையில் இடம் பிடித்து வைக்கிறோம்.*

மூன்று நாள் என் கைப்பையிலேயே கிடந்தது.
பெரிய டீச்சர் கேட்டால் என்ன சொல்வது?
நான்காம் நாள் பல்லடம் பஸ் ஸ்டாண்டில்
பஸ் கிளம்பிவிடும் என்ற அவசரத்தில்
போட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து வெள்ளிதோறும்
ஒரு தட்டு கூடுதலாகக் கழுவி
ஜன்னலில் கவிழ்த்து வைத்திருக்கும்.
*பதில் வரவில்லை* என்று எழுதினார்கள்.
கவின்சரண் வீட்டுக் கன்றை விற்றார்கள்.
*இன்னும் வரவில்லை.*
மாரியம்மன் நோம்பிக்குக் கம்பம் நட்டு, ஆடி,
கம்பத்தைப் பிடுங்கியும் ஆயிற்று.
அந்த ஒரு வரியை யாரும் அழிப்பதில்லை.
மேலேயே திரும்ப எழுதி எழுதி
எழுத்து தடித்துக்கொண்டே வந்தது.

ஐந்தாம் வெள்ளி.
பிஜயின் தம்பி குனா, நாலு வயது நிரம்பாதவன்,
கேட்டுக் கம்பியைப் பிடித்து நின்றான்.
அம்மாவுக்கு மில்லில் பகல் ஷிப்ட்.
ரிதனிகா தட்டைப் பார்த்தாள்.
பிறகு என்னைப் பார்த்தாள்.
வருகைப் பதிவேட்டில் இல்லாத பிள்ளைக்குச் சோறு போட
விதி இருக்கிறதா என்று எனக்குத் தெரியும்.
நான் மேசைக்கடியில்
விழாத சாக்பீஸைத் தேடிக்கொண்டிருந்தேன்.

திங்கள் காலை, வலது ஓரத்தில்:

*கம்பெனி சார் வரவில்லை.
அவர் தட்டில் பிஜய் தம்பி சாப்பிட்டான்.
உருளைக்கிழங்கு ரெண்டு தடவை வாங்கினான்.
சார் வந்தால் இன்னொரு தட்டு கழுவ வேண்டும்.*